சந்தனப் பொட்டு வைத்த வைஃபை பெட்டி

என் மடியில் பேரப்பிள்ளை இருந்திருக்கிறது, பூனை இருந்திருக்கிறது. ஒருமுறை பிளேனில் பக்கத்துச் சீட்டுக்காரரின் தலையும் இருந்திருக்கிறது. நல்ல நித்திரை, பாவம், நான் எழுப்பவில்லை. ஆனால் ஒரு வைஃபை பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, தரமாட்டேன் என்று ஒரு ஸ்கூல் ஒபிஸில் காலை முழுக்கக் குந்தியிருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. என் மகள் இன்றைக்கும் அதை "அந்த மானக்கேடு" என்றுதான் சொல்வாள். நான் "அந்த நல்ல நாள்" என்பேன். இரண்டு பேரும் சொல்வது ஒரே நாளைத்தான்.

பெட்டி எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒனிஹங்கா என்கிற புறநகரில் வாடகை வீடு. நான், மகள், மருமகன், பேத்தி. மகளுக்கு வயதானவர்களைப் பார்க்கும் இல்லத்தில் வேலை. அங்கே உள்ள கிழவிகளை எல்லாம் சிரித்த முகத்தோடு பார்த்துவிட்டு, மிச்ச முகத்தை எனக்குக் கொண்டு வருவாள். மருமகன் விரி என்கிற இடத்தில் ஒரு பெரிய ஸ்டோர்ஸில், சாமான் கிடங்கில், பெட்டி ஏற்றுகிறவர். அங்கே வேலை குறைந்தது. ஆளை நிற்பாட்டவில்லை, நாளைக் குறைத்தார்கள். நாள் குறையக் குறைய வீட்டிலும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. முதலில் என்னுடைய தமிழ் டீவி போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அடுத்ததாக வீட்டு இன்டர்நெட் போனது.

அதில் அடிபட்டது பேத்திதான். பதினைந்து வயது. இந்த நாட்டில் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவது குறைவு. படிப்பது, எழுதுவது, ஆசிரியரிடம் காட்டுவது, ஆசிரியர் பிழை பிடிப்பது எல்லாம் லப்டொப்பில்தான். லப்டொப்பை ஸ்கூல் இரவல் கொடுத்திருந்தது. ஸ்கூலில் ஒவ்வொரு வகுப்பின் கூரையிலும் அரசாங்கத்துக் காசில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து வைஃபை மழை மாதிரிக் கொட்டும். வீட்டுக்கு வந்தால் அந்த லப்டொப் மரக்கறி வெட்டுகிற பலகைக்குச் சமன். வருடக் கடைசியில் எல்லாப் பாடத்துக்கும் ஒப்படைக்க வேண்டிய வேலை அவளுக்கு இருந்தது. அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் என்ன பாடம் படிக்க விடுவார்கள் என்று முடிவாகும். அவளுக்கு மூன்று விதமான விஞ்ஞானமும் வேண்டும். ஏன் மூன்று என்று கேட்டேன். ஒன்றையே எனக்கு விளங்கப்படுத்த ஏலாதாம்.

அப்போதுதான் ஸ்கூல் சொன்னது, வீட்டில் இன்டர்நெட் இல்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் காசு கொடுத்து வைஃபை பெட்டி தருகிறது என்று. சின்னப் பெட்டி. உள்ளே போனில் போடுகிற மாதிரி ஒரு சிம். பிளக்கைச் செருகினால் முன்னால் ஒரு பச்சை வெளிச்சம் வரும், வீடு முழுக்க வேலை செய்யும்.

மகள் அதை வாங்கிக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்தால் எங்கேயோ திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி இருந்தது.

"எணை அம்மா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. முக்கியமா பிளாக்ஹவுஸ் பே ஆக்களுக்கு."

பிளாக்ஹவுஸ் பே பக்கம் எங்கட சனம் வீடு வாங்கியிருக்கிறது. அவர்கள் சந்தித்தால் முதலில் சுகம் விசாரிப்பார்கள், அடுத்ததாக மோர்கேஜ் வட்டியைப் பற்றிக் கதைப்பார்கள். எங்களிடம் மோர்கேஜ் இல்லை, அதனால் நாங்கள் சுகத்தோடு நின்றுவிடுவோம்.

"ஏன், இது களவெடுத்த சாமானே?"

"களவில்லை. இலவசம்."

"நீ கட்டுற வரி இலவசமே? போன கிழமை சம்பளத்திலை வெட்டிப்போட்டாங்கள் எண்டு அழுதனி. அந்தக் காசுதான் உந்தப் பெட்டிக்கை இருக்கு. சரியாப் பார், உன்ர முகம் மாதிரியே இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. வருகிறவர்களின் கண்ணில் படாத இடம் வீட்டில் எது என்று பார்த்தாள். துவாய் வைக்கிற அலுமாரியைத்தான் நாங்கள் சாமி அலுமாரியாக மாற்றி வைத்திருக்கிறோம். மின்சார விளக்குக்காக அங்கே ஒரு பிளக் இருந்தது. அதில் செருகி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பெட்டியை ஒளித்து வைத்தாள். அப்படித்தான் அரசாங்கத்தின் பெட்டி எங்கள் சாமிகளோடு சேர்ந்தது. நான் கொண்டுபோய் வைக்கவில்லை. இதை எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் பிறகு எல்லாப் பழியும் என் தலையில்தான் விழுந்தது.

நவராத்திரி வந்தது. இங்கே அது ஸ்கூல் விடுமுறையோடு சேர்ந்து வரும், பெரும்பாலும். முதல் நாளே கும்பம் வைத்தேன். எங்கள் வீட்டு வழக்கம், சரஸ்வதிக்கு முன்னால் படிக்கிற சாமான்களை வைத்தால் விஜயதசமி வரைக்கும் ஒருவரும் தொடக் கூடாது. சில வீடுகளில் கடைசி மூன்று நாளைக்குத்தான் வைப்பார்கள். நான் முதல் நாளே வைத்துவிடுவேன். சரஸ்வதியும் ஆறுதலாகப் பார்க்கட்டுமே.

பேத்தியிடம் புத்தகம் கேட்டேன். அவளிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம், அதுவும் லைப்ரரிப் புத்தகம். அதில் ஒரு பேய் படம் போட்டிருந்தது.

"உன்ர படிப்பெல்லாம் எங்கை இருக்கு?"

லப்டொப்பைக் காட்டினாள்.

"அப்ப அதைக் கொண்டா."

"அம்மம்மா, சீரியஸ்லி?"

"லீவுதானே. ஒன்பது நாளைக்கு அது படுக்கட்டும். நீயும் கொஞ்சம் நிமிர்ந்து நில்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தந்தாள். விடுமுறை, கூட்டாளிகள், கையில் போன். அவளுக்கு ஒன்றும் நட்டமில்லை. லப்டொப்பை வைத்தேன். பின்னால் பார்த்தால் பிள்ளையாரின் காதுக்குப் பக்கத்தில் வைஃபை பெட்டி பச்சை வெளிச்சத்தோடு இருக்கிறது. படிப்புக்கு உதவுகிற சாமான் அதுவும்தானே. முன்னால் எடுத்து வைத்தேன். பூசையில் வைத்த சாமான் ஓய்ந்திருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருந்தால் அது பூசையா? பிளக்கைக் கழற்றினேன். நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் செருகினேன். நல்ல வடிவாக இருந்தது. நான் பார்த்த சில மாப்பிள்ளைமாரைவிட வடிவு.

பூசைக் கடலைக்கு வந்த பிளாக்ஹவுஸ் பே பெண் ஒருத்தி அலுமாரிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன மாமி, புதுச் சாமி?"

"ஓம் பிள்ளை. இந்த வீட்டிலை இப்ப இவர்தான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுறவர்."

மகள் என் காலை மிதித்தாள். வயதான காலை இப்படி மிதிப்பதற்கு அவள் வேலை செய்கிற இடத்தில் விசாரணை வைப்பார்கள்.

விஜயதசமி முடிந்து, ஸ்கூல் தொடங்கி, பெட்டியை மறுபடி செருகினோம். பேத்தி அன்றிரவே வேலையில் இறங்கினாள். இரண்டு நாள் கழித்து மகளின் போனுக்கு ஸ்கூலிலிருந்து செய்தி வந்தது. உங்களுக்குத் தந்த இணைப்பு விடுமுறை முழுவதும் பாவிக்கப்படவில்லை. பாவிக்காத பெட்டிகளைத் திரும்ப வாங்கித் தேவையான குடும்பங்களுக்குக் கொடுக்கிறோம். தயவுசெய்து ஒபிஸில் ஒப்படைக்கவும். அந்தப் பெட்டிக்குப் பேச வாய் இல்லையே தவிர, கோள் சொல்கிற பழக்கம் இருந்திருக்கிறது. எப்போது ஓடுகிறது, எப்போது ஓய்கிறது என்று எல்லாம் அங்கே போய்ச் சேருமாம்.

மகள் வாசித்து முடித்து, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"குடுத்திடுவம்."

"பிள்ளையின்ர வேலை?"

"லைப்ரரியிலை இருந்து செய்யட்டும். என்ர போனிலையும் கொஞ்சம் டேட்டா இருக்கு. ஆரோடையும் போய் நிண்டு கெஞ்ச எனக்கு ஏலாது அம்மா. நாளைக்கு நீங்கள் இவளோடை நடந்துபோய் ஒபிஸிலை வைச்சிட்டு வாங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"எனக்கு என்ன இங்கிலிஷ் தெரியும், கதைக்க?"

"தெரியாட்டிலும் கதைப்பியள். அதுதான் பயம்."

பேத்தி ஸ்கூல் முடிந்து போய்ச் சேர்ந்து, ஒரு கதிரை பிடித்து இருப்பதற்குள் லைப்ரரியைப் பூட்டிவிடுவார்கள். மகளின் போன் மகளோடு இரவு வேலைக்குப் போய்விடும். இது மகளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாள். 

மறுநாள் காலை பெட்டியை மரக்கறிப் பையில் போட்டுக்கொண்டு பேத்தியோடு நடந்தேன்.  வழக்கமாக என்னை இரண்டு அடி பின்னால் விட்டுவிட்டு நடக்கிறவள், அன்றைக்குப் பக்கத்திலேயே வந்தாள். ஸ்கூல் வாசலில் நின்று, என் பையை ஒருக்கால் பார்த்தாள்.

"இட்ஸ் ஓகே அம்மம்மா. ஐ வில் மேனேஜ்."

அந்த இங்கிலிஷ் எனக்கு விளங்கும். சமாளிக்கிறேன் என்கிறாள். அந்தச் சொல்லை நான் என் வாழ்க்கையில் சோறு சாப்பிட்ட அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். என் மகள் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்கிறாள். இப்போது மூன்றாவது ஆள், பதினைந்து வயதில், யூனிபோர்ம் போட்டுக்கொண்டு சொல்கிறது. எனக்குக் காதுக்குள் சூடாகிவிட்டது. நீ வகுப்புக்குப் போ என்று அவளை அனுப்பிவிட்டு ஒபிஸுக்குள் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை. சிரித்தாள். பையில் இருந்து பெட்டியை எடுத்தவுடன் விளங்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"நோ," என்றேன்.

அவள் கையை மடக்கவில்லை. தவறுதலாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

"நோ. தாங்க் யூ."

போய்ச் சுவரோரக் கதிரையில் குந்தி, பெட்டியை மடியில் வைத்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, ஆனால் பொட்டு அழியவில்லை. அவள் இன்னும் என்னவோ சொன்னாள். நான் தலையை ஆட்டிச் சிரித்தேன். சிரிக்கிற கிழவியை ஒருவரும் பிடித்து வெளியே தள்ள மாட்டார்கள். இது எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

பக்கத்துக் கதிரையில் ஒரு டொங்கா நாட்டுப் பெண் இருந்தாள். நல்ல உயரம், நல்ல அகலம். ஸ்டோர்ஸ்காரர் போடுகிற செம்மஞ்சள் சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள். இரவு வேலை முடித்த முகம், கண் செருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய மகள், என் பேத்தியின் யூனிபோர்ம். பையில் கிடந்த இஞ்சி டொபியை எடுத்து இருவருக்கும் கொடுத்தேன். அந்தப் பெண் வாயில் போட்டு, காரம் ஏறி, கண்ணை முழுதாகத் திறந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதம்.

கவுண்டர்ப் பெண் போன் அடித்து ஒருத்தியைக் கூப்பிட்டாள். ஸ்கூலில் இந்த லப்டொப், வைஃபை எல்லாவற்றையும் பார்க்கிறவள். கழுத்தில் சாவி, கையில் ஒரு வயர். என்னைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ பாட்டி! ரவுட்டருக்குப் பொட்டு வச்சிருக்கீங்க!"

சென்னைப் பிள்ளை. எனக்கு உயிர் வந்தது.

"பூசைக்கு வைச்ச சாமான் பிள்ளை. பொட்டு வைக்காமல்?"

"எங்க வீட்ல அப்பா ஸ்கூட்டருக்கு வைப்பாரு, ஃபேனுக்கு வைப்பாரு. இதுக்கு வச்சு இப்பதான் பாக்குறேன்." குனிந்து பொட்டை நன்றாகப் பார்த்தாள். "அப்போ ஒன்பது நாளும் ஆஃப்லைன்ல இருந்தது..."

"சரஸ்வதிக்கு முன்னாலை இருந்தது."

"லேப்டாப்பும்?"

"அதுவும் பக்கத்திலைதான். பூ வைச்சு."

அவள் என் பக்கத்தில் குந்திக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"பாட்டி, எனக்குப் புரியுது. ஆனா என் கையில இல்ல. இந்த பாக்ஸுக்கு வெளிய இருந்து காசு வருது. யூஸ் பண்ணலைன்னா தேவையில்லைன்னு அவங்க கம்ப்யூட்டர் சொல்லிடும். அப்புறம் நாங்க திருப்பி வாங்கித்தான் ஆகணும்."

"அப்ப அந்தக் கொம்பியூட்டரோடை நான் கதைக்கிறன். கூப்பிடுங்கோ."

கொம்பியூட்டருக்குப் பதிலாக ஸ்கூலின் துணை அதிபர் வந்தார். வெள்ளைக்காரர், மெலிந்த மனிதர், கையில் பாதி குடித்த கோப்பி. சென்னைப் பிள்ளை மொழிபெயர்க்க வந்தாள். அவருக்குக் கீழே வேலை செய்கிறவள், அவளை மாட்டிவிட எனக்கு மனமில்லை. என் பேத்தியைக் கூப்பிடச் சொன்னேன்.

பேத்தி வந்தாள். ஒபிஸ், கண்ணாடிக் கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கூட்டாளிகள், இந்தப் பக்கம் பொட்டு வைத்த பெட்டியோடு நான். அவளுடைய முகம் செவ்வரத்தம்பூ.

"அம்மம்மா, ப்ளீஸ். குடுங்கோ அதை."

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

நான் துணை அதிபரைப் பார்த்துத் தொடங்கினேன். "தம்பி, நீங்கள் சொல்லுறது என்னெண்டா, லீவிலை பாவிக்கேல்ல, அதாலை எங்களுக்குத் தேவையில்லை. சரி. இந்த ஸ்கூலை லீவிலை பூட்டித்தானே வைச்சிருந்தனீங்கள்? ஒரு பிள்ளை வரேல்ல, ஒரு வாத்தியார் வரேல்ல. ரெண்டு கிழமை ஒருத்தரும் பாவிக்காத ஸ்கூலை அரசாங்கம் வந்து, உங்களுக்குத் தேவையில்லைப்போலை கிடக்கு, திருப்பித் தாங்கோ எண்டு கேட்டதோ?"

பேத்தி அவரைப் பார்த்து ஏழெட்டுச் சொல் சொன்னாள்.

"அவ்வளவுதானோ? நான் சொன்னது இந்தளவு நீளம்!"

"சுருக்கிச் சொன்னன்."

"ஸ்கூல் பூட்டினது வந்ததோ அதுக்குள்ளை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். வரவில்லை. சொரி என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்திருந்தது, அம்மம்மா மன்னிப்புக் கேட்கிறா என்றுதான் சொல்லியிருக்கிறாள். சென்னைப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

"மன்னிப்போ? நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கேல்ல. கெஞ்சவும் வரேல்ல. உனக்கு மூண்டு விஞ்ஞானம் வேணுமோ, வேண்டாமோ? வேண்டாமெண்டா சொல்லு, இப்பவே குடுத்திட்டு எழும்புறன்."

 பேத்தி நிமிர்ந்தாள். இந்த முறை நீளமாகச் சொன்னாள். கையைக் காட்டி, வகுப்புகளின் பக்கம் காட்டி, பெட்டியைக் காட்டிச் சொன்னாள். கவுண்டர்ப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். துணை அதிபர் கோப்பியைக் கீழே வைத்தார்.

நல்ல மனிதர்தான். அதுதான் பிரச்சினை. கெட்ட மனிதர் என்றால் எனக்கு வேலை இலகு. அவர் சொன்னதைப் பேத்தி தன்னுடைய அரைத் தமிழில் எனக்குச் சொன்னாள். சாமி விஷயம் என்று தெரிந்திருந்தால் விசேஷமாக ஒரு சலுகை எழுதிக் கேட்டிருக்கலாமாம், இப்போதும் முயற்சி செய்யலாமாம். ஆனால் பெட்டிகள் கொஞ்சம்தான் வந்தன. காத்திருக்கிற பிள்ளைகள் அதைவிடக் கூட. உங்கள் பெட்டியை இன்றைக்கே ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதாகச் சொல்லி, அவர்களை வரச்சொல்லியும் விட்டோம்.

சொல்லும்போது அவருடைய கண் என் பக்கத்துக் கதிரைக்குப் போய்த் திரும்பியது. ஒரு நொடிதான். எனக்குப் போதும்.

நான் திரும்பிப் பார்த்தேன். செம்மஞ்சள் சட்டைக்காரி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது. என் மடியில் இருக்கிற பெட்டிக்குத்தான் அவள் நித்திரை கொள்ளாமல் வந்து இருந்திருக்கிறாள். அவளுடைய மகள் டொபியை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

என்னுடைய வீரமெல்லாம் அந்த இடத்தில் கொஞ்சம் ஆடிப்போனது. ஒபிஸோடு சண்டை பிடிக்க எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் கண்ணோடு என்னத்தைப் பிடிக்கிறது? பெட்டியைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

அவள் எழும்பினாள். நான் சொன்னேனே, நல்ல உயரம். துணை அதிபர் மேலே பார்க்க வேண்டியிருந்தது. அவளுடைய இங்கிலிஷ் மெதுவானது, எனக்குக்கூட முக்கால்வாசி விளங்கியது. இன்னொரு பிள்ளையிடமிருந்து எடுத்த பெட்டி தனக்கு வேண்டாம். இந்தம்மாவின் பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். ஆனால் பெட்டி இல்லாமல் தானும் போகப்போவதில்லை. சொல்லிவிட்டு மறுபடி குந்தினாள். கதிரை முனகியது. தன் கையை நீட்டி, என் கைக்கு மேலே, பெட்டிக்கு மேலே வைத்தாள். அவளுடைய கை வைத்தால் பெட்டியே தெரியாது.

அரசாங்கம் ஒரு பெட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டு வீட்டைச் சண்டை பிடிக்க விடுகிறது. நாங்கள் பிடிக்கவில்லை. அங்கே நின்றவர்களுக்கு அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது சென்னைப் பிள்ளை என் பக்கம் குனிந்தாள். முகம் முழுக்க ஒபிஸ் முகம், சிரிப்புத் துளியும் இல்லை. ஏதோ சட்டம் விளங்கப்படுத்துகிற மாதிரி விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"பாட்டி, நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. என் ரூம் அலமாரியில பழைய பாக்ஸ் இருக்கு. போன வருஷம் படிச்சு முடிச்சவங்க திருப்பிக் குடுத்தது. நல்லாத்தான் இருக்கு. ஆனா கனெக்‌ஷனுக்கு ஸ்கூல் தன்னோட காசைப் போடணும். இவரு சரின்னு சொன்னா போதும். நானே கேட்டுப் பார்த்துட்டேன், பட்ஜெட்ல இல்லைன்னுட்டாரு."

நான் தலையை ஆட்டினேன். துணை அதிபர் நன்றியோடு அவளைப் பார்த்தார், கிழவிக்கு ஒருவழியாக விளங்கப்படுத்திவிட்டாள் என்று.

"பிள்ளை," என்றேன் பேத்தியிடம், நல்ல அப்பாவிக் குரலில். "இவ்வளவு பெரிய ஸ்கூலிலை ஒரு அலுமாரிக்குள்ளையும் ஒரு பழைய பெட்டியும் கிடக்காதோ எண்டு கேள்."

அவள் கேட்டாள். துணை அதிபர் சென்னைப் பிள்ளையைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்து நன்றாக யோசித்தாள். அந்த நடிப்புக்கு நான் எழுந்து கை தட்டியிருக்க வேண்டும். "மே பி," என்றாள்.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு காசைப் பற்றிச் சொன்னார். ஸ்கூலின் கையில் அதற்கென்று காசு இல்லையாம்.

ஒபிஸ் சுவரில் ஒரு பெரிய டீவி இருந்தது. கட்டில் அளவு. நான் வந்ததிலிருந்து அதில் ஸ்கூலின் படம் ஒன்று மாறி ஒன்று வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பிள்ளைகள் பாய்கிறார்கள், அதிபர் மரம் நடுகிறார். அங்கே இருந்தவர்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

"அதை ஆர் பாவிக்கினம் எண்டு கேள்," என்றேன். "காலையிலை இருந்து பாக்கிறன், ஒரு மனிசரும் அண்ணாந்து பாக்கேல்ல. பாவிக்காத சாமானைத் திருப்பி எடுக்கிறதுதானே சட்டம்? அதிலை இருந்து தொடங்குவம். நான் வேணுமெண்டாப் பொட்டு வைச்சுத் தாறன்."

பேத்தி சுருக்கவில்லை. பொட்டையும் சேர்த்துச் சொன்னாள். செம்மஞ்சள் சட்டைக்காரி சிரித்த சிரிப்பில் என் மடியிலிருந்த பெட்டி குலுங்கியது. கவுண்டர்ப் பெண் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்தாள்.

துணை அதிபர் டீவியைப் பார்த்தார். அதில் அந்த நேரம் பார்த்து அவருடைய படம்தான் வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

கடைசியில் இப்படி முடிந்தது. எங்கள் பெட்டி வருடக் கடைசி வரைக்கும் எங்களோடு. அலுமாரிப் பெட்டி அந்தப் பெண்ணுக்கு, இணைப்புக்கு ஸ்கூல் காசு போடும். சாமிச் சலுகை எழுதித் தரட்டுமா என்று மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். "சாமிக்காண்டி கேக்கேல்ல எண்டு சொல்லு. லீவிலை பெட்டியை நிப்பாட்டின ஆக்கள் நாங்கள் மட்டும் இல்லை. செத்தவீட்டுக்குப் போன வீடு இருக்கும், கரண்ட் மிச்சம் பிடிச்ச வீடு இருக்கும். பறிக்க முதல் எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டிட்டுப் பறிக்கச் சொல்லு." அதையும் தன்னால் முடிந்தளவு பார்க்கிறேன் என்றார். முடிந்தளவு என்பது எவ்வளவு என்று கேட்கப் போனேன். பேத்தி என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

பின்னேரம் மகள் வேலைக்கு வெளிக்கிடும்போது சாமி அலுமாரியைத் திறந்தாள். பச்சை வெளிச்சம்.

"அம்மா. என்ன இது?"

"பெட்டி."

"குடுத்திட்டு வரச் சொன்னனான்."

"கொண்டுபோனனான். அவை வாங்கேல்ல."

அவளுக்குப் பேத்தி எல்லாவற்றையும் சொன்னாள், டீவிக் கதை உட்பட. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒபிஸிலை எங்கட சனம் ஆரும் நிண்டதோ?"

"ஒரு சென்னைப் பிள்ளை."

"போச்சு. நாளைக்குப் பிளாக்ஹவுஸ் பே முழுக்கத் தெரியும்."

"தெரியட்டும். ஆருக்கும் இப்பிடி ஒரு பெட்டி வேணுமெண்டா என்னட்டை வரச் சொல்லு, கதிரையிலை எப்பிடிக் குந்தி இருக்கிறது எண்டு காட்டித் தாறன்."

அவள் செருப்பைப் போட்டாள். போகும்போது பெட்டியைப் பிள்ளையாருக்குப் பின்னால் தள்ளி வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பேத்தி வேலை எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். மூன்று விஞ்ஞானமும் கிடைத்தது. டொங்காப் பிள்ளையும் அவளும் இப்போது ஒரே வகுப்பு. அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தால் இஞ்சி டொபி கேட்பாள். பெட்டிகளும் இந்த வருடம் மறுபடி வந்தன, புதிய சிம், அதே பச்சை வெளிச்சம்.

போன நவராத்திரிக்கு மகள், இந்த முறையாவது அதை விட்டுவிடுங்கோ என்றாள். நான் கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றி, சந்தனம் வைத்து, பூ வைத்து, ஒன்பது நாளும் ஓய விட்டேன். பெட்டி ஓய்ந்தால் தேவையில்லை என்று சொல்கிற கொம்பியூட்டருக்குப் பயந்து என் வீட்டுப் பூசையை நான் ஏன் மாற்ற வேண்டும்? மனிதர் ஓயலாம், ஸ்கூல் ஓயலாம், பெட்டி மட்டும் ஓயக் கூடாதோ?

ஸ்கூல் தொடங்கி இரண்டாம் நாள் மகளின் போனில் செய்தி வந்தது. உங்களுக்குத் தந்த இணைப்பு விடுமுறை முழுவதும் பாவிக்கப்படவில்லை. ஒரு சொல் மாறவில்லை. துணை அதிபர் சரி என்றது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கொம்பியூட்டருக்கு ஒருவரும் சொல்லவில்லை போல.

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன் பேத்தி அலுமாரியைத் திறந்து பெட்டியைக் கழற்றினாள். பொட்டைத் துடைப்பாள் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. காய்ந்து உதிர்ந்திருந்த குங்குமத்துக்கு மேலே விரலால் புதிதாக ஒரு பொட்டு வைத்து, மரக்கறிப் பையில் போட்டு, என் செருப்பை எடுத்துக் கதவடியில் நேராக வைத்தாள்.

"அம்மம்மா, வெளிக்கிடுங்கோ. இந்த முறை நானே கதைக்கிறன்."

"அப்ப நான் என்னத்துக்கு?"

"நீங்கள் கதிரையிலை இருங்கோ. பெட்டி உங்கட மடியிலை."

பையில் இஞ்சி டொபி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கிளம்பினோம்.